டிரெய்லர் லைட் எரியவில்லையா? ஒயரிங், பிளக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியில் எல்லா லைட்டும் நன்றாக எரியும். டிரெய்லரை மாட்டியதும் ஒன்று எரியாது, இன்னொன்று மினுக்கும், மற்றொன்று பிரேக் மிதித்தால் அணையும். இந்தத் தொல்லையில் மாட்டியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சின்ன பிக்கப் டிரக்குக்கும் பெரிய டிரக்குக்கும் அடிப்படை ஒன்றுதான். வட அமெரிக்காவில் பெரிய டிரக்கும் 12 வோல்ட். மற்ற நாடுகளில் பெரும்பாலும் பெரிய டிரக் என்றால் 24 வோல்ட். கீழே நான் 12 வோல்ட்டை வைத்தே பேசுகிறேன். 24 வோல்ட்டில் கணக்கு மாறும் இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லரில் ஒரு லைட்டும் எரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

வண்டியின் சாக்கெட்டில். நிறையப் பேர் நேராக டிரெய்லரின் பின்பக்கம் போய் பல்பைக் கழற்றுகிறார்கள். எல்லா பல்பும் ஒரே நாளில் போகாது.

சாக்கெட்தான் எல்லைக்கோடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வண்டியில் பார்க்கிங் லைட், இரண்டு பக்க இன்டிகேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, சாக்கெட்டின் பின்களில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். அங்கே கரண்ட் வரவில்லை என்றால் டிரெய்லரைத் தொடவே வேண்டாம். பியூஸ், ரிலே, வண்டி ஒயரிங் பக்கம் போங்கள். வருகிறது என்றால் வண்டி சரி, கோளாறு பிளக்கிலிருந்து பின்னால்.

டிரெய்லர் பக்கத்தையும் தனியாகச் சோதிக்கலாம். ஒரு பேட்டரியின் நெகட்டிவ்வை டிரெய்லர் பிளக்கின் எர்த் பின்னில் கொடுங்கள் (எர்த் என்றால் கரண்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பிப் போகும் வழி). பாசிட்டிவ்விலிருந்து ஒரு 10 ஆம்பியர் பியூஸ் வழியாக ஒயர் எடுத்து, லைட்டுக்கான பின்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மின்பிரேக் பின்னையும், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பின்னையும் இந்தச் சோதனையில் விட்டுவிடுங்கள். லைட் எல்லாம் எரிந்தால் டிரெய்லரும் சரி. வண்டியும் சரி, டிரெய்லரும் சரி, மாட்டினால் மட்டும் எரியவில்லை என்றால், பின்னும் துளையும் ஒன்றையொன்று தொடவில்லை. இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்ததில் கணிசமானவை இந்த வகைதான்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம்: பிளக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, சாக்கெட் மூடியின் கொக்கி அதைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும் கேள்விதான், ஆனால் கேட்காமல் விட்டு ஒரு மணி நேரம் போனதுண்டு.

சோதனைக்கு என்னென்ன வேண்டும்?

ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், இரண்டு முனையிலும் கிளிப் போட்ட 10 மீட்டர் தடித்த ஒயர் ஒன்று, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, சின்ன பித்தளை பிரஷ். இவற்றோடு ஹோல்டரில் மாட்டிய 21 வாட் பல்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயர் வெளியே வந்திருக்கட்டும். இதன் மதிப்பு அடுத்த கேள்வியில் தெரியும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பல்பு.

ஒயரின் தோலைக் குத்திச் சோதிக்கிற ஊசி முனை லேம்ப்பைப் பின்னிலும் டெர்மினலிலும் மட்டும் பயன்படுத்துங்கள். நடுவில் குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். கொஞ்ச நாள் கழித்து அந்த இடத்திலேயே ஒயர் அறும், அன்றைக்குக் குத்தியது யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் லைட் எரியவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. கேட்ட கேள்விதான் தவறு.

டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக விடும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவு. பெரும்பாலான மீட்டர்களின் உள் தடை 10 மெகா ஓம். ஒயரில் இருபது முப்பது இழை அறுந்து ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், பின்னில் களிம்பு ஏறி முள்முனை அளவு இடம்தான் தொட்டுக்கொண்டிருந்தாலும், மீட்டருக்கு அது போதும். 12 வோல்ட் என்று காட்டிவிடும். 21 வாட் பல்புக்கு 1.75 ஆம்பியர் வேண்டும். அந்தப் பலவீனமான இடத்தில் அதை இழுக்கும்போது வோல்டேஜ் எல்லாம் அங்கேயே கரைந்துவிடும், பல்புக்கு மிச்சம் வராது.

எனவே சுமையோடு அளக்க வேண்டும். சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் இன்டிகேட்டர் பின்னுக்கும் நடுவில் அந்த 21 வாட் பல்பை மாட்டுங்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை அதன் இரண்டு முனைகளிலும் வையுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட் குறைந்திருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 2 வோல்ட், 3 வோல்ட் குறைந்திருந்தால் வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பு எங்கே என்று பிடிக்க, பல்பு எரியும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ்விலும் மறு முனையை அந்தப் பின்னிலும் வையுங்கள். வருவது போகும் வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு பேட்டரி நெகட்டிவ்வுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் வையுங்கள். அது திரும்பி வரும் வழியில் தொலைந்தது. எதில் பெரிய எண் வருகிறதோ அந்த வழியில் தேடுங்கள். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

மங்கலாக எரிகிறது என்று வரும் புகாரும் இதே கதைதான். இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். லைட் எரிகிறதே என்று விட்டுவிட்டால், பின்னால் வருகிறவருக்கு அது தெரிவதே இல்லை.

இடது இன்டிகேட்டர் போட்டால் எல்லா லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் மிதித்தால் டெயில் லைட் அணைகிறது. இது என்ன விசித்திரம்?

எர்த் விட்டுப்போயிருக்கிறது. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

டெயில் லைட்டிலும் பிரேக் லைட்டிலும் ஒரே பல்பு இருக்கும் விளக்குகளில், 5 வாட் இழை ஒன்று, 21 வாட் இழை ஒன்று, இரண்டுக்கும் எர்த் பொது. அந்த எர்த் அறுந்தால் 21 வாட் இழை வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், 5 வாட் இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, டெயில் லைட் ஒயர் வழியாக முன்னால் ஏறி, வண்டியின் டெயில் பல்பைத் தேடிப்போய் அங்கே எர்த் ஆகும். அதனால்தான் இன்டிகேட்டர் தாளத்துக்கு டெயில் லைட் ஆடுகிறது. பார்க்கிங் லைட் போட்டுவிட்டு பிரேக்கும் மிதித்தால் அந்தப் பல்பின் இரண்டு முனையிலும் பாசிட்டிவ் நிற்கும். கரண்ட் ஓட மேடு பள்ளம் இல்லை. பல்பு அணைகிறது.

ஒரு விளக்கு மட்டும் இப்படி ஆடினால் அந்த விளக்கின் எர்த். டிரெய்லர் முழுக்க ஆடினால் பிளக்கின் எர்த் பின் அல்லது டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் எர்த் ஒயர் பிடிக்கும் இடம்.

சந்தேகம் தீர, அந்த 10 மீட்டர் ஒயரை எடுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்வில், மறு முனை டிரெய்லர் சட்டத்தில் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில். லைட் எல்லாம் ஒழுங்காகிவிட்டால் விஷயம் முடிந்தது. சட்டத்தில் வைத்தும் ஆகவில்லை, விளக்கின் எர்த் ஒயரில் நேரடியாக வைத்தால் ஆகிறது என்றால், கோளாறு சட்டத்துக்கும் விளக்குக்கும் நடுவில்.

கற்றுக்கொண்ட புதிதில் ஒரு பிளாட்பெட் டிரெய்லரோடு ஒரு சாயங்காலம் முழுவதும் மல்லுக்கட்டினேன். பல்பு நான்கையும் மாற்றினேன், ஹோல்டர் ஒன்றை மாற்றினேன், அதே மினுக்கல். அந்தப் பக்கம் வந்த மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் குனிந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "பல்பை விடு தம்பி. எர்த்தைப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. போல்ட் டைட்டாத்தான் இருக்கு."

"டைட்டா இருக்கு, சரி. பெயிண்ட் மேல டைட்டா இருக்கா, இரும்பு மேல டைட்டா இருக்கா?"

கழற்றினேன். கொஞ்ச நாள் முன்னால் யாரோ சட்டத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் அதன் மேலேயே லக்கை, அதாவது எர்த் ஒயர் முனையின் உலோக வளையத்தை, வைத்து முறுக்கியிருந்தார்கள். லக்கின் அடியில் சிவப்பு வட்டம் ஒன்று பளிச்சென்று அப்படியே இருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதிலும் துரு. சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் மினுக்கல் நின்றது. நான் மாற்றிய நான்கு பல்பும் நல்ல பல்பு.

சிலர் டிரெய்லருக்கு எர்த் ஒயரே இழுக்காமல், கொக்கிப் பந்து வழியாகவோ, பெரிய டிரக்கில் டிரெய்லர் உட்கார்ந்து திரும்பும் ஐந்தாம் சக்கரத் தட்டு (fifth wheel) வழியாகவோ எர்த் போகும் என்று விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு இடத்திலும் கிரீஸ் பூசுவதுதான் வழக்கம். நின்றிருக்கும்போது எரியும், மேட்டில் ஏறி இறங்கினால் மினுக்கும். எர்த்துக்குத் தனி ஒயர் கட்டாயம்.

பிளக்கைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

அது செம்பிலும் பித்தளையிலும் ஏறும் களிம்பு. மேலோட்டமாக இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பித்தளை பிரஷால் தேய்த்து எடுத்துவிடலாம். உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். பின்னின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே இன்னும் வேகமாகப் பூக்கும்.

பின்பக்கம் ஒயர் திருகில் சேரும் இடத்தை அவசியம் பாருங்கள். ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல ஒயர் ரப்பர்போல வளையும். உள்ளே அரித்த ஒயர் மொறமொறவென்று இருக்கும். தோலைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும், இழைகள் காய்ந்த வைக்கோல்போல ஒடியும். கறுப்பு முடியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். சில சமயம் அரை மீட்டர்கூடப் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் தண்ணீர் இழைகளுக்கு நடுவில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறுகிறது.

பெரிய டிரக் சாக்கெட்களில் பின் நடுவே பிளந்திருக்கும். நாள்பட்டால் அந்தப் பிளவு ஒட்டிக்கொண்டு பின் மெலிந்துவிடும். மெல்லிய கத்தி முனையைப் பிளவில் விட்டு ஒரு மயிரிழை விரித்துவிடுங்கள். நிறைய விரித்தால் ஒடியும். பிளக்கை நுழைக்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு.

உருகிய பிளாஸ்டிக், ஆடும் பின், உடைந்த மூடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் சுத்தம் செய்வது வீண். மாற்றிவிடுங்கள்.

டைஎலக்ட்ரிக் கிரீஸ் பற்றியும் கேட்பார்கள். அது கரண்டைக் கடத்தாது. அதன் வேலை தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாமல் இருப்பது. பின்னில் மெல்லிசாகத் தடவினால் நுழைக்கும்போது தொடும் இடத்தில் விலகிக்கொள்ளும். குழாயைப் பிதுக்கிச் சாக்கெட்டை ரொப்பினால் மண்ணும் தூசியும் ஒட்டிச் சேறாகிவிடும்.

எந்த நிற ஒயர் எதற்கு?

இதில்தான் தலை சுற்றும், ஏனென்றால் நிறம் ஒன்று, அர்த்தம் பல.

வட அமெரிக்காவின் தட்டையான 4 பின் பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. இடது வலது ஒயரிலேயே பிரேக்கும் சேர்ந்து வரும். பிளேடு வகை 7 பின் பிளக்கில் இவற்றோடு நீலம் மின்பிரேக்குக்கு, கறுப்பு பேட்டரி பாசிட்டிவ்வுக்கு, நடுப் பின் பெரும்பாலும் ரிவர்ஸ் லைட்டுக்கு. அங்கேயே பெரிய டிரக்கில் வரும் எஸ்ஏஇ ஜே560 உருளைப் பிளக்கில் கறுப்பு பக்க விளக்குகளுக்கு, சிவப்பு பிரேக் லைட்டுக்கு, நீலம் ஏபிஎஸ்ஸுக்கு. ஐஎஸ்ஓ 1724 என்ற 12 வோல்ட் 7 பின் பிளக்கில் 1 இடது மஞ்சள், 2 பனி விளக்கு நீலம், 3 எர்த் வெள்ளை, 4 வலது பச்சை, 5 வலது டெயில் பழுப்பு, 6 பிரேக் சிவப்பு, 7 இடது டெயில் கறுப்பு. 24 வோல்ட் டிரக்கின் ஐஎஸ்ஓ 1185 பிளக்கில் எர்த் 1ஆம் பின்னுக்குப் போய்விடும்.

கறுப்பு ஒயரை மட்டும் பாருங்கள்: ஓரிடத்தில் பேட்டரி பாசிட்டிவ், ஓரிடத்தில் பக்க விளக்கு, ஓரிடத்தில் இடது டெயில். பேட்டரி ஒயரிங்கில் கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று கை பழகியவர்கள், பிளேடு பிளக்கின் கறுப்பைச் சட்டத்தில் முறுக்கி பியூஸைப் பறிகொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நல்ல வேளையாக இவை எல்லாவற்றிலும் வெள்ளை எர்த், மஞ்சள் இடது, பச்சை வலது. ஆனால் உங்களுக்கு முன்னால் அந்த டிரெய்லரைத் தொட்டவர் கையில் கிடைத்த ஒயரை ஒட்டுப்போட்டிருக்கலாம். நிறத்தைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை டெஸ்ட் லேம்ப் சொல்லட்டும்.

இரண்டும் 7 பின்தான், பிளக் பொருந்துகிறது. ஆனால் லைட் மாறி மாறி எரிகிறதே?

பின் எண்ணிக்கை ஒன்று என்பதற்காக ஒயரிங் ஒன்றாக இருக்காது. பிளக்கைத் திறந்து, பின் எண் அச்சிட்டிருக்கும் இடத்தைப் பார்த்து ஒவ்வொரு ஒயரையும் ஒப்பிடுங்கள். ஒரு பொறி: எண்களைச் சாக்கெட்டின் முகத்திலிருந்து பார்ப்பதும் பின்பக்கத்திலிருந்து பார்ப்பதும் கண்ணாடிப் பிம்பம்போல இடம் வலம் மாறும். படத்தைப் பார்த்து ஒயர் மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதில் ஒரு முறையாவது விழுந்திருப்பார்கள்.

பிரேக்கும் இன்டிகேட்டரும் தனித்தனி ஒயரில் வரும் வண்டியில், இரண்டும் ஒரே ஒயரில் எதிர்பார்க்கும் டிரெய்லரை மாட்டினால், ஒயரை எப்படி மாற்றிப் போட்டாலும் சரிவராது. நடுவில் இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்துத் தரும் கன்வெர்ட்டர் பெட்டி தேவை.

பியூஸ் மாற்றினால் உடனே போய்விடுகிறது. எங்கே ஷார்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பெரிய பியூஸ் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். 10 போகிறதே என்று 30 போட்டால், அடுத்து உருகப் போவது ஒயர்.

பியூஸ்களைப் பெட்டி பெட்டியாக எரிக்காமல் தேட ஒரு வழி இருக்கிறது. போன பியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு கால் இருந்த இடத்தில் அந்த 21 வாட் பல்பின் இரண்டு ஒயரையும் செருகுங்கள். சம்பந்தப்பட்ட லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் சூடாகாது. இனி டிரெய்லர் பிளக்கைப் பிடுங்குங்கள். பல்பு அணைந்தால் ஷார்ட் டிரெய்லரில். மறுபடி மாட்டிவிட்டு, ஒயரை முன்னாலிருந்து பின்னால் கை வைத்து அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு சிமிட்டுகிறதோ, ஜங்ஷன் பாக்ஸில் எந்த ஒயரைக் கழற்றும்போது மங்குகிறதோ, அங்கே பாருங்கள்.

டிரெய்லரின் நல்ல பல்புகள் இழுக்கும் கரண்டிலும் இந்தச் சோதனை பல்பு கொஞ்சம் எரியும், குழம்பாதீர்கள். ஷார்ட் என்றால் எரிவது முழுப் பிரகாசமாக, டிரெய்லர் லைட்டில் உயிரே இல்லாமல் இருக்கும்.

ஷார்ட் ஆகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: சட்டத்தின் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் நுழையும் ஒயர், சஸ்பென்ஷன் உரசும் இடம், பக்க விளக்கை மாட்டிய திருகு நேராக ஒயருக்குள் இறங்கிய இடம்.

நின்றிருந்தால் எல்லாம் எரிகிறது. ஓடும்போது அல்லது திரும்பும்போது மட்டும் அணைகிறது.

வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் சுருள் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பிளக்கின் கழுத்தில்தான் ஒயர் உள்ளுக்குள் அறும். வெளித்தோல் புத்தம்புதிதாகத் தெரியும். ஒருவர் விளக்கைப் பார்க்க, இன்னொருவர் பிளக் கழுத்தை நான்கு பக்கமும் வளைத்துப் பார்த்தால் போதும்.

கேபிள் போதிய நீளம் இருக்கிறதா என்பதை மெதுவாக, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் விறைத்தால் பிளக்கை இழுக்கிறது என்று அர்த்தம். தரையில் புரளும் அளவு தொங்கினாலும் தேய்ந்து போகும்.

மழை பெய்தால் மட்டும் தகராறு. காய்ந்ததும் சரியாகிவிடுகிறது.

சாக்கெட் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் சரியா, சாக்கெட்டின் அடிப்பக்க வடிகால் துளை அடைத்திருக்கிறதா, பாருங்கள். கேபிள் சாக்கெட்டுக்கு மேலிருந்து இறங்கினால் தண்ணீர் அதன் வழியே வழிந்து நேராக உள்ளே போகும். கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி மாட்டினால் சொட்டு கீழேயே விழுந்துவிடும். கழற்றிய பிளக்கை டிரெய்லர் முகப்பில் வாய் மேல்நோக்கி வைப்பதும் ஒரு பழக்கம். அது மழைக்கு வைத்த டம்ளர்.

எல்இடி விளக்கு மாற்றியபின் இன்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கிறது.

எல்இடி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. பல்பு போய்விட்டது என்று வண்டி நினைத்து வேகமாக அடித்து எச்சரிக்கிறது. எல்இடிக்கு ஏற்ற பிளாஷர் (இன்டிகேட்டரை மினுக்க வைக்கும் ரிலே) போடலாம், அல்லது விளக்கோடு இணையாக லோடு ரெசிஸ்டர் போடலாம். 12 வோல்ட்டில் வழக்கமான 6 ஓம் ரெசிஸ்டர் 2 ஆம்பியர் இழுத்து 24 வாட் சூடாகும். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்பில் திருகுங்கள். அதே 6 ஓமை 24 வோல்ட் வண்டியில் போட்டால் 96 வாட், கருகிவிடும். அங்கே 24 ஓம் வேண்டும்.

எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் எரியாது. பல்பு எரிந்த அதே ஒயரில் எல்இடி எரியவில்லை என்றால் முதலில் ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

புது வண்டி. பியூஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது, சாக்கெட்டில் கரண்ட் இல்லை.

புது வண்டிகளில் லைட்டை இயக்குவது கன்ட்ரோல் மாட்யூல் என்ற சின்னக் கம்ப்யூட்டர். எங்காவது ஷார்ட் ஆனால் பியூஸ் போகும் முன்னே மாட்யூல் அந்த வழியை மூடிவிடும். கோளாறை நீக்கி, இக்னிஷனை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் திரும்ப வரும். டிரெய்லருக்கென்று தனி பியூஸ், தனி ரிலே இருக்கும். வண்டியின் டெயில் லைட் எரிவதை வைத்து டிரெய்லர் பியூஸ் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பேட்டரி சார்ஜ் பின்னில் இன்ஜின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் வண்டிகளும் உண்டு.

மாட்யூல் சில வண்டிகளில் கரண்டைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். மீட்டரில் 9, 10 என்று ஏதோ ஓர் எண் வந்தால் உடனே ஒயரை அறுத்துப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். இந்த வண்டிகளில் டெயில் லைட் ஒயரில் ஒட்டுப்போட்டு டிரெய்லருக்கு இழுப்பதும் கூடாது. பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் எடுக்கும் கன்வெர்ட்டர் பெட்டிதான் வழி.

மின்பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பாதிதான் பிடிக்கிறது. ஒயரிங்கா?

நீல ஒயரில் ஆம்பியரை அளந்தால் தெரிந்துவிடும். 10, 12 அங்குல டிரம் பிரேக்கில் ஒரு காந்தம் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு அச்சு, நான்கு பிரேக் என்றால் முழு அழுத்தத்தில் 12 ஆம்பியர் வரவேண்டும். 9 வந்தால் ஒரு காந்தம் விட்டுப்போயிருக்கிறது. நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் அடைப்பு பொது வழியில், அதாவது பிளக்கில் அல்லது எர்த்தில்.

டிரெய்லர் கழன்றுகொண்டால் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்கும்போது பிளக்கை வண்டியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அந்தக் கரண்ட் திரும்பி வந்து பிரேக் கன்ட்ரோலரைக் கெடுக்கலாம்.

ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை.

24 வோல்ட் டிரக்கில் ஏபிஎஸ்ஸுக்கு ஐஎஸ்ஓ 7638 என்ற தனிக் கேபிள். அதை மாட்ட மறப்பது முதல் காரணம். ஜே560 பிளக்கில் நீல ஒயர்தான் நிரந்தரக் கரண்ட். பிரேக் லைட் ஒயரிலிருந்தும் ஏபிஎஸ் அவசரத்துக்குக் கரண்ட் எடுத்துக்கொள்வதால், நீலம் அறுந்தது பல நாள் தெரியாமலே போகலாம். சாவி போட்டதும் அணைந்து, வண்டி நகர்ந்தபின் எரிந்தால் ஒயரைவிடச் சக்கர சென்சாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒயரை மாற்றுவதானால் எவ்வளவு தடிமன்? ஒட்டு எப்படிப் போடுவது?

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 12 மீட்டருக்குச் சுமார் 0.14 ஓம். பத்துப் பக்க விளக்கு, ஒவ்வொன்றும் 5 வாட் என்றால் 12 வோல்ட்டில் 4.2 ஆம்பியர், வழியில் 0.6 வோல்ட் போகிறது. பரவாயில்லை. ஆனால் எர்த் ஒயரில் எல்லாம் சேர்ந்து திரும்பும்: டெயில், இரண்டு பிரேக் லைட், ஓர் இன்டிகேட்டர் என்று 9 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதே தடிமன் என்றால் அங்கே மட்டும் 1.3 வோல்ட் காலி. அதனால் எர்த்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைத்துப் போடாதீர்கள்.

ஒட்டுக்கு, உள்ளே பசை உருகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வைத்த கிரிம்ப் கனெக்டர் நல்லது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம் தாங்கும். ஒயரின் தோலைக் கத்திபோல வெட்டி உள்ளே கடிக்கும் கிளிப் கனெக்டர்களை டிரெய்லரின் அடியில் போடவே கூடாது என்பது என் கட்சி.

தனியாக இருக்கிறேன். பிரேக் லைட்டை எப்படிப் பார்ப்பது?

ஒரு மட்டைக் கம்பை பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டபின். இருட்டில் ஒரு சுவரை ஒட்டி டிரெய்லரை நிறுத்தினால் கம்பும் வேண்டாம், கண்ணாடியிலேயே சிவப்பு தெரியும். இன்டிகேட்டர், பார்க்கிங், பிரேக் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டும் ஒரு முறை பாருங்கள்; தனித்தனியாகப் போட்டால் எரிந்து, சேர்த்துப் போட்டால் மங்கும் டிரெய்லர் என்றால் எர்த் போல்ட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.